பெட்டியில் இல்லாத பூட்ஸ்

பனிமலை ஏறப் போவதற்கு அன்று மாலை விமானம். காலையில் பெட்டிக்குள் வைத்த பூட்ஸை மதியம் காணவில்லை. இதைச் சொல்ல வந்த பல் டாக்டரம்மா, நாற்காலியைக் காட்டிய பிறகும் உட்காரவில்லை.

அவர் தேடி வந்த துப்பறிவாளருக்கு அந்தத் தெருவில் 'நிதானம்' என்று பெயர். வீடு பற்றி எரிந்தாலும் செருப்பை ஒழுங்காக மாட்டிக்கொண்டுதான் தண்ணீர் எடுக்கப் போவார் என்று அவர் மனைவியே சொல்வாள். கூடவே திரியும் மனைவியின் தம்பிக்கு 'அவசரம்' என்று பெயர் வந்ததற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை.

"பூட்ஸ்தானே டாக்டர், போற வழியில வேற வாங்கிக்கலாமே" என்றான் அவசரம்.

டாக்டர் இடது காலைச் சற்று முன்னே நீட்டினார். ஸ்கூட்டர் விபத்தில் நசுங்கி, வலது பாதத்தைவிடச் சிறுத்துப்போன பாதம். கணுக்காலுக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. அதற்கென்றே அளவெடுத்துத் தைத்த பூட்ஸ் அது. அது இல்லாமல் பனிமலையில் ஓர் அடிகூட வைக்க வழிகாட்டி விடமாட்டார்.

"இனிமே நடக்கவே முடியாதுன்னாங்க. மாடிப்படி ஏறி எறங்கியே இந்தக் காலைத் தேத்தினேன். இந்தத் தடவை போகலன்னா அப்புறம் எப்பவும் போக மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும்" என்றார் அவர்.

வீட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர்: கணக்குத் தணிக்கையாளரான டாக்டரின் கணவர், டாக்டரின் தங்கை. பெட்டிப் பூட்டின் எண் இருவருக்கும் தெரியும். பெட்டியை அடுக்கிப் பூட்டிவிட்டு, பல்வலியால் துடித்த ஒருவருக்காக டாக்டர் கிளினிக் போய் வந்த இடைவெளியில் காரியம் நடந்திருக்கிறது. தங்கை வாசலறையிலேயே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்ததால், யாரும் வெளியே போகவில்லை என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே பேச்சு.

மூவரும் அந்த வீட்டுக்குப் போனார்கள். பெட்டி கட்டிலின் மேல் திறந்து கிடந்தது. எந்த வரிசையில் அடுக்கினீர்கள் என்று நிதானம் கேட்டார். ஈரக் கையுறைகளைக் காயவைக்க முடி உலர்த்தும் கருவியை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்ததாகவும், அதன் மேல் கம்பளி உடைகள், கடைசியாக பூட்ஸ் என்றும் டாக்டர் சொன்னார். இப்போது அந்தக் கருவி கம்பளிகளுக்கு மேலே இருந்தது.

பிறகு நிதானம் வீட்டைச் சுற்றி வந்தார். குளியலறை வாளியின் உள்பக்கத்தில் மெழுகுப் பிசுக்கு வளையமாகப் படிந்திருந்தது. சமையலறையில் குளிர்சாதனப் பெட்டி சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி நின்றது. அதன் கால்கள் முன்பு இருந்த தடம் தரையில் வெளுப்பாகத் தெரிந்தது. கூடத்தில் அவர் அன்றைய செய்தித்தாளைக் கேட்டார். இன்று வரவில்லை என்றார் கணவர். ஆனால் செய்தித்தாளுக்குள் செருகி வரும் விளம்பரத் தாள் ஒன்று சோபாவுக்கு அடியில் கிடந்தது.

அவசரத்துக்குப் பொறுக்கவில்லை. தங்கையும் இந்தப் பயணத்துக்குப் புறப்பட இருந்தவள், விடுப்பு கிடைக்காமல் நின்றுபோனவள் என்று விசாரித்து வைத்திருந்தான். கணவர் பல மாதங்களாகப் போகவேண்டாம் என்று எல்லோர் முன்னாலும் சண்டை போட்டவர், வாயால் தடுப்பவருக்குக் கையால் தடுக்கத் தேவையில்லை, ஆகவே வயிற்றெரிச்சல் பிடித்த தங்கைதான் என்று முடித்தான். அக்கா திரும்பி வந்து காட்டப்போகும் படங்களை நினைத்தால் வயிறு எரிவது நிஜம்தான், அதற்காகத் திருடமாட்டேன் என்று தங்கை இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள். அவசரம் இரண்டடி பின்வாங்கினான்.

நிதானம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"மேல இருந்த பூட்ஸை எடுக்கிறதுக்கு அடியில கை விடவேண்டிய அவசியமே இல்ல. உலர்த்துற கருவியும் வேணும்னுதான் பெட்டியைக் கெளறியிருக்காங்க. வாளியில இருக்கிறது பூட்ஸ் மேல பூசின மெழுகு. ஆக, பூட்ஸைத் தண்ணியில வெச்சிருக்காங்க. அப்புறம் ஈரத்தை இழுக்க உள்ள பேப்பரைத் திணிச்சு, பிரிட்ஜுக்குப் பின்னால சூடான எடத்துல ஒளிச்சிருக்காங்க. பயணத்தைத் தடுக்க நெனைக்கிறவன் ஈரத்தைப் பத்திக் கவலைப்படமாட்டான். திருப்பிக் கொடுக்க நெனைக்கிறவன்தான் காயவைப்பான்." பிறகு கணவரைப் பார்த்தார். "சரிபார்க்காம எதுலயும் கையெழுத்துப் போடாத தொழில் உங்களோடது. பேப்பர் வரலன்னு சொன்னதும் நீங்கதான்."

கணவர் எழுந்து போய், குளிர்சாதனப் பெட்டியின் பின்னாலிருந்து பூட்ஸைக் கொண்டுவந்தார். இரண்டிலும் செய்தித்தாள் அடைத்திருந்தது. வலதுகால் தாள் மொடமொடவென்று காய்ந்திருந்தது. இடதுகால் தாள் தொப்பலாக நனைந்திருந்தது.

"வாளித் தண்ணியில நிக்கவெச்சுப் பாத்தேன். இடது பக்கம் தையல் வழியா உள்ள வருது" என்றார். சட்டைப்பையிலிருந்து ஒரு பசைக் குழாயை எடுத்துக் காட்டினார். பூட்ஸ் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அது பிடிக்குமாம். அதற்குள் மனைவி திரும்பிவிட்டாள்.

டாக்டர் இடது பூட்ஸை வாங்கி, நனைந்த தாளைத் தொட்டுப் பார்த்தார். பனித்தண்ணீர் உள்ளே புகுந்தால் மற்றவர்களுக்குக் கால் விறைக்கும், திரும்பிவிடுவார்கள். அவர் காலுக்குத் தெரியாது. விரல்கள் கறுத்த பிறகு கழற்றிப் பார்க்கும்போதுதான் தெரியும்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பல மாசமா குளிரு, விழுந்துடுவே, போகாதேன்னு பொழுதுக்கும் புலி வருது புலி வருதுன்னு கத்திட்டிருந்தேன். இன்னிக்கு நெஜமாவே புலி வந்துச்சு. நான் சொல்லியிருந்தா நீ நம்பியிருப்பியா?"

நம்பியிருக்கமாட்டேன் என்று டாக்டர் ஒப்புக்கொண்டார். அந்தப் பூட்ஸோடு கிளம்பியிருப்பேன் என்றும் சொன்னார்.

நிதானம் எழுந்தார். ஆனால் அவசரம் அதற்குள் கருவியைச் செருகி, பூட்ஸுக்குள் சூடான காற்றை விட ஆரம்பித்திருந்தான். தங்கை அதைப் பிடுங்கி, தோல் கருகாதபடி தள்ளிப் பிடித்தாள். காய்ந்ததும் கணவர் தையல் நெடுகப் பசை பூசினார். அது இறுகும்வரை நால்வரும் காத்திருந்தார்கள். ஐந்தாமவரான டாக்டர் பெட்டியை மறுபடி அடுக்கினார், இந்த முறை பூட்ஸுக்கு இடம் விட்டு.

கார் வாசலுக்கு வந்துவிட்டது. கணவர் பூட்ஸைப் பெட்டியில் வைக்கக் குனிந்தபோது டாக்டர் தடுத்தார். வாளியில் தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"உள்ள கைய விட்டுப் பிடிங்க. என் கால் சொல்லாது. நீங்க சொல்லுங்க, நம்பறேன்."

கணவர் சட்டைக் கையை முழங்கைவரை மடித்து, கையைப் பூட்ஸின் நுனிவரை விட்டு, தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்தார். வெளியே கார் ஒலி எழுப்பியது. அவர் நகரவில்லை. வெகுநேரம் கழித்துக் கையை வெளியே எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"காய்ஞ்சிருக்கு. போயிட்டு வா" என்றார்.