அடுக்ககத்துக்கு ஒரு கண்

அடுப்பின் பூட்டு இன்னும் திறக்கவில்லை.

"மயிலக்கா, பால் வெச்சுட்டு நிக்கறேன். இன்னும் எத்தனை கிடக்கு?" என்று சமையலறையிலிருந்து வான்மதி குரல் கொடுத்தாள்.

"கொஞ்சந்தானுங் அம்மிணி. இந்தச் செருப்புக்காரன் விடமாட்டேங்கறான்."

மயிலாத்தாள் முக்காலியில் உட்கார்ந்து வீட்டுக்கணினியின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரியெல்லாம் வந்து குவிந்த விளம்பரத் துள்ளிகள் அதில் செங்கல் அடுக்கியதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. மேலே கிடப்பதை எடுத்தால்தான் அடியில் இருப்பது தெரியும். எல்லாவற்றையும் எடுத்தால்தான் அடுப்பு எரியும், கதவு பேசும், பிள்ளைகளுக்குப் பாடம் வரும். சித்தாள் வேலையில் செங்கல் சுமந்தவளுக்கு இது புதிதாகத் தெரியவில்லை. அங்கே தலை வலித்தது, இங்கே கண் வலிக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

விளம்பரக் கம்பெனிகள் ஒன்றுகூடி வீட்டுக்கு வீடு கணினியை இலவசமாகக் கொடுத்து வருஷங்களாகிவிட்டன. வாங்கியவர்கள் துள்ளிகளைப் பார்த்துக் கடனைக் கழிக்க வேண்டும். தடுப்பு மென்பொருள் போட்டால் கணினியே படுத்துக்கொள்ளும். திரைக்கு மேலே கடுகளவில் ஒரு கண்சாட்சி இருக்கிறது. மனிதக் கண் ஒன்று முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை போய்ச் சேர்ந்ததா என்று அது பார்க்கும். சேர்ந்தால் மேல் மூலையில் மூடும் குறி காட்டி, துள்ளி மூடிக்கொள்ளும். மனிதக் கண் வேண்டும் என்றுதான் சட்டத்தில் எழுதியிருந்தார்களே தவிர, யார் கண் என்று எழுத மறந்துவிட்டார்கள். அந்த மறதியில் பிறந்ததுதான் மயிலாத்தாளின் பிழைப்பு. காகிதத்தில் அவளுக்கு மூடுநர் என்று பெயர். வீடு வீடாகப் போய் மூடுவதால் செண்பகா அடுக்ககத்தில் துள்ளிக்கார அக்கா.

இந்த வேலைக்காகத்தான் தலை நரைத்த பிறகு மாலை வகுப்பில் போய் எழுத்துப் படித்தாள். இன்றைக்கும் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு, உதட்டை அசைத்துத்தான் வாசிப்பாள். மற்றவர்கள் ஒரே பார்வையில் தாண்டுகிற வரியில் அவள் கண் நின்று நின்று போகும். அவள் வாசிக்கும் வேகத்தை அடுக்ககத்தில் யாரும் பொருட்படுத்தவில்லை. கணினி மட்டும் அதைக் குறித்துக்கொண்டது.

கண் எந்தச் சொல்லில் எவ்வளவு நேரம் நின்றது என்பதைக் கணினி துணுக்கு துணுக்காகச் சேர்த்துவைக்கும். அவற்றுக்கு நினைவுத்துணுக்கு என்று பெயர். இந்த வீட்டுக்கு என்ன வேண்டும், இனி எதைக் காட்டலாம் என்பதைக் கணினி அதிலிருந்துதான் முடிவு செய்கிறது. சீக்கிரம் தாண்டினால் விருப்பமில்லை, நின்று பார்த்தால் ஆசை. எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர் ஒருவர் உலகத்தில் இருப்பார் என்று அதைச் செய்தவர்களுக்குத் தோன்றவில்லை.

செருப்புக்காரன் ஒருவழியாக மூடிக்கொண்டான். அடுத்ததில் ஒரு பெரிய கண் படம்.

'க-ண்-பு-ரை.'

மயிலாத்தாளின் உதடு நின்றது. கொஞ்ச நாளாகவே அவள் இடது கண்ணில் பாலாடை படிந்ததுபோல ஒரு மங்கல். வலது கண்ணும் லேசாகக் கலங்க ஆரம்பித்திருந்தது. கண்சாட்சி அடிக்கடி 'மீண்டும் பார்க்கவும்' என்று சிணுங்கியது. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். கொத்தனாரிடம் திரும்பிப் போக முட்டி ஒத்துக்கொள்ளாது.

'வலியில்லை. அன்றே வீடு திரும்பலாம்.' இரண்டு தரம் வாசித்தாள். செலவு எவ்வளவு என்பது அடியில் எறும்பு ஊர்வதுபோல எழுதியிருந்தது. முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், சாய்த்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடிப் பார்த்தாள். கடைசிவரை தெரியவில்லை.

கணினிக்கு மகா சந்தோஷம். இத்தனை ஆசையை அது எந்த வீட்டிலும் கண்டதில்லை.

மறுநாள் அதே வீட்டில் மூன்று கண் துள்ளிகள். பக்கத்து வீட்டில் ஒன்று. அதையும் கூட்டித்தானே வாசித்தாக வேண்டும்! பாதியில் தாண்டினால் மூடாது. சீக்கிரம் முடிக்க நினைத்தால் மங்கலில் எழுத்து கலைந்து மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டிவரும். வெறுத்து வெறுத்துப் பார்த்த பார்வையையும் கணினி ஆசைக் கணக்கில்தான் எழுதியது. மாதம் முடிவதற்குள் அடுக்ககத்தின் எல்லா வீட்டுத் திரையிலும் கண்ணாகவே முளைத்துக் கிடந்தது.

"என்னங்க, கண்ணுல ஏதாச்சும் இருந்து எங்கிட்ட மறைக்கிறீங்களா?" என்று வான்மதி கணவனிடம் கேட்டாள். அவள் கணவன் தெய்வசிகாமணிதான் அடுக்ககச் சங்கத்தின் செயலாளர்.

"எனக்கெதுக்குடி? உங்கப்பா வந்து போனதுலருந்துதான் இப்படி."

"எங்கப்பாவ இழுக்கலீன்னா உங்களுக்குச் சோறு இறங்காதே!"

செயலாளர் யோசித்துப் பார்த்துவிட்டு மயிலாத்தாளைக் கூப்பிட்டார்.

"மயிலக்கா, உங்களுக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு?"

"எனக்கென்னங் சார்? இருட்டுல ஊசி கோப்பேன்."

"இல்ல, கேட்டேன். கண்ணு தெரியாதவங்கள வெச்சு வேலை வாங்கறதா நாளைக்குச் சட்டப் பிரச்சினை வந்துரக்கூடாது பாருங்க."

அவள் சிரித்து வைத்தாள். படியில் இறங்கும்போது கைப்பிடியைத் தடவித்தான் இறங்கினாள்.

சங்கம் கூடி, எல்லா வீட்டிலும் நினைவுத்துணுக்குகளைக் கழுவிவிடுவது என்று முடிவெடுத்தது. அமைப்புகளுக்குள் போய் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அழுத்தினார்கள். மறுநாள் காலை, நடை போய்த் திரும்பிய செயலாளரை அவர் வீட்டுக் கதவு, "நீங்கள் யார்?" என்று கேட்டது. மாடிக்கு மாடி இதே கதை. கதவைத் தட்டிக்கொண்டும், தங்கள் பெயரைத் தாங்களே கத்திச் சொல்லிக்கொண்டும் நின்றார்கள். பாட்டுப் பெட்டி யாருக்குப் பிடித்த பாட்டையும் பாடவில்லை. அரிசிக்காரனுக்கு யாருக்கு என்ன அரிசி என்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் உடனே திரும்பி வந்தது. கழுவின மறுநாள் மயிலாத்தாள் முக்காலியில் உட்கார்ந்து சோப்பு, சட்டை, சுற்றுலா என்று கூட்டி வாசித்து முடிப்பதற்குள் ஒரு மூலையில் கண் எட்டிப்பார்த்தது.

நினைவுத்துணுக்குகள் வீட்டோடு இருந்துவிடுவதில்லை. விற்கப்படும். ஒரு வாரத்தில் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து எல்லாருக்கும் ஒரே உத்தரவு வந்தது: 'இந்த முகவரியில் பார்வைக் குறைவு பரவலாக இருப்பதாகத் தெரிகிறது. சோதனையில் தேறும்வரை கார் ஓட்டத் தடை.' அன்று காலை எந்தக் காரும் உறுமவில்லை. பின்னாலேயே ஒரு ஆஸ்பத்திரியின் பார்வை வண்டி வாசலில் வந்து நின்றது. ஒரே இடத்தில் இத்தனை பேருக்குக் கண்புரை என்றால் முகாம் போட்டு இலவசமாக எடுத்துவிடலாம் என்று ஆஸ்பத்திரிக் கணினி முடிவு செய்திருந்தது.

தெய்வசிகாமணி வாசலிலேயே மறித்தார்.

"டாக்டரம்மா, இங்க ஒருத்தருக்கும் கண்ணுல ஒண்ணுமில்ல. மெஷின் கோளாறு. வண்டியத் திருப்புங்க."

"ஒருத்தருக்குக்கூட இல்லையா சார்?"

"இல்லீங்கறேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

டாக்டர் ஓட்டுநரைப் பார்த்தார். வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது. காவலாளி அறைப் பக்கம் நின்றிருந்த மயிலாத்தாளுக்கு வண்டி ஒரு வெள்ளைக் கலங்கலாகத்தான் தெரிந்தது. அந்தக் கலங்கல் சிறுத்துக்கொண்டே போனது. இன்னும் கொஞ்ச நாள் போனால் அதுவும் தெரியாது.

"எனக்குத்தானுங்!" என்று கத்தினாள். "நில்லுங் அம்மிணி! எனக்குத்தான் கண்ணு தெரியல!"

வண்டி நின்றது.

உள்ளே கூட்டிப்போய் அவள் கண்ணைக் கருவியில் வைத்துப் பார்த்த டாக்டர் சிரித்துவிட்டார். "அம்மா, இந்தக் கட்டடத்துல யாரார் வீட்ல கண்ணு விளம்பரம் பாத்தாங்களோ, அத்தனை பேரும் நீங்கதான்னு மெஷின் சொல்லுது. நீங்க என்ன, மொத்த அடுக்ககமா?"

"ஆமாங். எல்லார்த்துக்கும் நாந்தானுங் பாக்கறேன்."

வண்டி வாசலில் நின்ற தெய்வசிகாமணிக்கு முகம் சிவந்தது. "ஊசி கோப்பேன்னீங்களேக்கா! உங்கள நம்பி வீட்டத் திறந்துவிட்டோம். நாளைலருந்து வர வேண்டாம். வேற ஆள் பாத்துக்கறோம்."

"செரிங் சார்," என்றாள்.

அவள் கண்ணில் சொட்டு மருந்து விட்டு ஓரமாக உட்காரவைத்தார்கள். மருந்து பிடித்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள்.

"உண்மை தெரிஞ்சாச்சு. காரை விடச் சொல்லுங்க," என்றார் தெய்வசிகாமணி.

"உத்தரவு உத்தரவுதான் சார். சோதனையில தேறிட்டா அதுவே விட்டுடும். ஒரு நிமிஷ வேலை. திரையில எழுத்து வரும், மேலருந்து கீழ வரைக்கும் வாசிங்க."

அவர் அலட்சியமாக நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே திரை துள்ளிபோல் எழுந்து நின்றது. பெரிய எழுத்தில் தொடங்கிச் சிறுத்துக்கொண்டே போகும் வரிகள்.

திரையில் எழுத்து வந்ததும் அவர் கண் தானாக மேல் மூலைக்கு ஓடியது. அங்கே மூடும் குறி இல்லை. உடனே முகத்தைத் திருப்பி, எழுந்து, வேறு ஏதோ வேலையாகப் போகிறவர்போல இரண்டடி நடந்து, தோளுக்குமேல் சத்தம் கொடுத்தார்:

"மயிலக்கா, இதக் கொஞ்சம் மூடிட்டு வாங்க."

'கண் விலகியது' என்றது கருவி.

மறுபடி உட்கார்ந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு முதல் எழுத்தைப் பார்த்தார். கண் அதில் நிற்கவில்லை, எண்ணெய்த் தரையில் வைத்த கால்போல நழுவி மூலைக்குப் போனது. பின்னால் வந்த வான்மதிக்கும் அப்படியே. அதற்குப் பின்னால் வந்தவர்களுக்கும் அப்படியே. எல்லாருக்கும் கருவி ஒரே சீட்டைத்தான் அச்சடித்தது: 'கண் நன்றாக இருக்கிறது. பார்க்கவில்லை.'

அன்று மாலைவரை கார்கள் அசையவில்லை. மறுநாளைய துள்ளிகள் மாடி மாடியாக வந்து குவிய ஆரம்பித்திருந்தன.

வண்டி ஆஸ்பத்திரிக்குப் புறப்படுமுன் தெய்வசிகாமணி அதன் படியில் ஒரு காலை வைத்து நின்றார். கையில் சீட்டு கசங்கியிருந்தது.

"மயிலக்கா," என்று மெதுவாகக் கூப்பிட்டார். "ஆபரேஷன் முடிஞ்சு கட்டு எப்பப் பிரிப்பாங்களாம்?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். செவிலி குறுக்கே வந்து, "அசையாதீங்கம்மா. இன்னொரு சொட்டு விடணும். கண்ண மூடுங்க," என்றாள்.

மயிலாத்தாள் மூடிக்கொண்டாள்.