பின் இடது கதவு

13.7.2009, திங்கள். இன்றைய தவறு: வெள்ளை வண்டியின் பின் இடது கதவைச் சரியாகச் சாத்தாமல் வந்துவிட்டேன் போலிருக்கிறது. ஷட்டரை இறக்கும்போது திரையில் கதவுக் குறி சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. திரும்பிப் போய்ச் சாத்தவில்லை. வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாளைய வேலை: முதலில் அந்தக் கதவு.

ரூபி இப்படி எழுதத் தொடங்கியது மாலை வகுப்பில் சேர்ந்த பிறகுதான். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில், புரோகிராம் ஓடாமல் நின்றால் எங்கே தப்பு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நோட்டில் எழுதச் சொல்வார்கள். அவள் அதைத் தன் நாட்களுக்கும் எழுத ஆரம்பித்துவிட்டாள். ஒன்றரை வருடத்தில் தவறு இல்லாத நாள் என்று ஒன்றைக்கூட அவளால் எழுத முடிந்ததில்லை.

பகலில் பழனி ரோட்டில் அருளப்பனின் கடையில் வேலை. பழைய கார்களை வாங்கி, நல்ல ஸ்டீரியோ மாட்டி, பளபளப்பாக்கி விற்கும் கடை. வண்டியோடு வரும் ஆங்கிலப் புத்தகத்தைப் படித்து, ரேடியோவை எப்படிப் பிடிப்பது, எந்த ஸ்பீக்கரில் எவ்வளவு சத்தம் வைப்பது, டேஷ்போர்டின் சின்னத் திரையில் எந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்று வாங்குகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது ரூபியின் பொறுப்பு. அதையே தமிழில் ஒரு தாளில் எழுதி, லேமினேட் செய்து, முன்சீட்டுக்கு எதிரே இருக்கும் முன்பெட்டியில் வைத்துவிடுவாள். ரூபி எழுதிய தாள் இருந்தால் மறுபடி யாரும் சந்தேகம் கேட்டு வருவதில்லை என்று அருளப்பனுக்குப் பெருமை.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் நேராகப் பின்கொட்டகைக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தது. சாத்தியிருந்தது மட்டுமல்ல, பூட்டியும் இருந்தது. திரை அணைந்து கறுப்பாகக் கிடந்தது. நேற்று சாவியை எடுத்த பிறகு அந்தக் குறி எப்படி எரிந்தது என்று யோசித்தாள். கண் ஏமாற்றியிருக்கும். அவளுக்குத் தன் கண்ணைவிடத் தன் தப்பின் மேல்தான் நம்பிக்கை அதிகம். ஆனாலும் கதவு ஓரத்து ரப்பரில் விரலை ஓட்டிப் பார்த்தாள். அரக்கு நிறத்தில் ஒரு நூல் விரலில் சுற்றிக்கொண்டு வந்தது.

அந்தப் புடவையை அவளுக்குத் தெரியும்.

பிப்ரவரியில் இதே வண்டியை வாங்கியவர் ரெட்டியார்சத்திரத்துப் பூ வியாபாரி காமராஜ். டெலிவரி அன்று அவர் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருக்க, ரூபி பக்கத்தில் இருந்தாள். அவர் மனைவி தமிழ்மதி அரக்குப் புடவையில் பின்னால், இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். திரை எச்சரிக்கை கொடுக்கும்போதெல்லாம் ஒரு மணிச்சத்தம் வரும். அப்போது மூன்று நொடி பாட்டு தானாக நின்றுவிடும். காமராஜுக்கு அது பிடிக்கவில்லை. நிறுத்த வழி கேட்டார். ரூபி பொத்தானை ஐந்து நொடி அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். அப்புறம் அவர் கேட்டார்: "பாப்பா, சத்தத்த அம்புட்டையும் பின்னாடி தள்ளிவிட முடியுமா? இவ வாயத் தொறந்தா பழனி போற வரைக்கும் மூட மாட்டா. பாட்டுல அமுங்கிப் போகட்டும்."

வெளியே நின்ற அருளப்பன் காரின் கூரையில் தட்டிச் சிரித்தார். முடியும் என்றாள் ரூபி. எப்படி என்று செய்தும் காட்டினாள். அவளும் சிரித்தாள்.

கண்ணாடியில் தமிழ்மதி அவளைப் பார்த்தாள். "நீயுமா தங்கச்சி சிரிக்கிற?" என்று மட்டும் கேட்டாள்.

மே மாதம் எரியோடு ஊரைத் தாண்டி ஒரு வளைவில் அந்தக் கதவு திறந்துகொண்டது. முந்தானை மாட்டி, கதவு பாதிதான் பிடித்திருந்தது. திரை காட்டியிருக்கும். மணிதான் அடிக்கவில்லை. கதவில் சிக்கிய முந்தானையோடு தமிழ்மதி ஒரு அறுநூறு மீட்டர் இழுபட்டுச் செத்திருப்பாள் என்று போலீசில் சொன்னாராம் காமராஜ். பாட்டு ஓடிக்கொண்டிருந்ததாம். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வண்டியைக் கடையிலேயே கொண்டுவந்து விட்டார். ஒரு கதவை ஒழுங்காகச் சாத்தத் தெரியாதவள் என்று அருளப்பனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ரூபி அப்போது டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சூட்டை அவர் முகத்தில் ஊற்றியிருக்கலாம் என்று அவளுக்குப் பிறகு பல ராத்திரி தோன்றியது. ஊற்றவில்லை. அதையும் அன்றைய தவறில் எழுதினாள்.

இப்போது வண்டியை நத்தத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் அய்யனார் வாங்குகிறார். வெள்ளிக்கிழமை ஆடி பிறந்துவிடும். பிறந்தால் அவர் வீட்டில் வண்டியைத் தொட மாட்டார்கள். அதனால் புதன் காலை ஒன்பது மணிக்கே டெலிவரி. ரூபி நத்தம் வரை கூடவே போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் திரும்ப வேண்டும். காமராஜ் வைத்த அளவுகளையெல்லாம் அழித்துப் பழையபடி சரிசெய்து, தாளை முன்பெட்டியில் வைத்துவிடச் சொன்னார் அருளப்பன்.

அய்யனார் வீட்டாரிடம் நடந்ததைச் சொல்ல வேண்டாமா என்று அவள் கேட்டாள்.

"ஏத்தா ரூபி, நீ இங்க வேலைக்கு வாரியா, பாவசங்கீர்த்தனத்துக்கு வாரியா?" என்றார் அருளப்பன். பக்கத்தில் சீட் உறை தைத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார். "தாள்ல இருக்குறது யாரு கையெழுத்து? யோசிச்சுக்க."

மாலை ஐந்தரைக்குத்தான் அவளுக்கு அந்த வண்டியில் உட்கார நேரம் கிடைத்தது. ஆடிக்கு முன்னமே வந்துவிட்ட காற்று கொட்டகையின் தகரத்தை ஒரு ஓரத்தில் தூக்கித் தூக்கிப் போட்டது. தோல் பதனிடும் ஷாப்புப் பக்கமிருந்து வரும் நெடி ஷட்டர் இடுக்கில் நுழைந்து டீசல் வாசனையோடு கலந்தது. ஷட்டர் பாதி இறங்கியிருந்ததால் வெளிச்சம் தரையில் ஒரு முழம் மட்டும் வந்து நின்றது. கோபத்தோடு கதவை அடித்துச் சாத்திவிட்டு, சாவியைத் திருகினாள். உள்ளே ஈரச் சாக்கின் வாடையும், அழுகிய செவ்வந்திக் காம்பின் வாடையும் அடித்தன. இரண்டு தடவை கழுவிய வண்டி.

வால்யூம் முப்பத்தெட்டில் பாட்டு அலறியது. அவள் பன்னிரண்டுக்குக் குறைத்தாள். சத்தம் முழுவதும் பின்னால், இடது மூலையிலிருந்து மட்டும் வந்துகொண்டிருந்தது. நடுவுக்குக் கொண்டுவந்து பூஜ்யத்தில் நிறுத்தினாள். பொத்தானிலிருந்து கையை எடுத்ததும் எண் ஒவ்வொன்றாக நகர்ந்து மறுபடி இடப்புறம் பின்னால் போய் நின்றது. மீண்டும் வைத்தாள். மீண்டும் போனது. ஒயர் கோளாறு என்று நோட்டில் குறித்தாள். எழுத்து கோணியது. அடுத்து பயண தூரத்தைச் சுழியமாக்கினாள். அடுத்து அந்த மணி.

மணியை அவள் திரும்ப உயிர்ப்பித்தாள். யாரையும் கேட்கவில்லை. அருளப்பன் வேலையை விட்டு நிறுத்தினாலும் நிறுத்தட்டும் என்று ஐந்து நொடி அழுத்திப் பிடித்தாள். பிறகு தாளை எடுத்தாள். ஆறாவது வரி: 'பாட்டு நடுவில் நிற்காமல் இருக்க...' ஏழாவது வரி: 'சத்தத்தைப் பின்னால் தள்ள...' அழகான, சாய்வில்லாத, அவளுடைய எழுத்து. லேமினேஷனைப் பல்லால் கடித்து இரண்டாகக் கிழித்தாள்.

மணி அடித்தது.

திரையில் காரின் சின்னப் படம். பின் இடது கதவு சிவப்பாக விரிந்திருந்தது. பாட்டு நின்றது. அவள் திரும்பிப் பார்த்தாள். கதவு சாத்தித்தான் இருந்தது. மூன்று நொடி அமைதியில் பின் ஸ்பீக்கரிலிருந்து ஏதோ வந்தது. காற்று என்று நினைத்தாள். தகரத்தின் சத்தத்தோடு அது சேரவில்லை. யாரோ வாயால் மூச்சு வாங்கினார்கள்.

பாட்டு திரும்ப வந்தது. திரையில் பயண தூரம் 0.1 கிலோமீட்டர் என்று காட்டியது.

எஞ்சினே ஓடவில்லை. வண்டியின் முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருந்தது. அவள் குனிந்து, பாதி ஷட்டருக்கு அடியில் தெரிந்த தரையைப் பார்த்தாள். அதே எண்ணெய்க் கறை, அதே இடத்தில்.

மணி. அமைதி. "ஏங்க..."

0.2.

அந்தக் குரலில் பயம் இல்லை. பல வருடமாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதில் கிடைக்காதவளின் அலுப்புத்தான் இருந்தது. அதுதான் ரூபியின் முதுகைச் சில்லிட வைத்தது.

மணி. "ஏங்க, பாட்டக் கொறைங்க. கதவு..."

0.3. ரூபி வால்யூம் பொத்தானை இறக்கினாள். பத்து. ஐந்து. எண் அவள் விரலுக்கு எதிராக ஏறியது. இருபது. முப்பது. முப்பத்தெட்டு. சாவியைத் திருகி உருவினாள். சாவி கையில் இருந்தது. பாட்டு நிற்கவில்லை.

மணி. இந்தத் தடவை வார்த்தை இல்லை. கதவுக் கண்ணாடியில் உள்ளங்கையால் அடிக்கும் சத்தம். பிறகு துணி இழுபடும் சத்தம். நீளமாக.

0.4.

கதவைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. தோளால் இடித்தாள். திரையில் நான்கு கதவும் விரியத் திறந்திருப்பதாகக் காட்டியது. கைக்கு எதுவும் அசையவில்லை.

மணி. ஒரு சிரிப்பு. இளம்பெண்ணின் சிரிப்பு, முதலாளிக்குப் பிடிக்க வேண்டும் என்று சிரிக்கும் சிரிப்பு. அவளுக்குத் தெரிந்த சிரிப்பு. அவளுடையது.

0.5.

செவ்வந்திக் காம்பின் வாடை கழுத்துக்கு அருகே வந்தது. கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்க்கவில்லை. திரையைப் பார்த்தாள். எண் மாறியது.

0.6.

மணி அடிக்கவில்லை. பாட்டு தானாக நின்றது. காற்றும் நின்றது. ஸ்பீக்கரிலிருந்து அல்ல, இருக்கையின் பின்னாலிருந்து, காதோரம், நிதானமாக:

"இப்பச் சிரி, தங்கச்சி."

கதவு திறந்துகொண்டது. அவள் தரையில் விழுந்தாள். எழுந்து ஓடியபோது துப்பட்டா பின்னால் எதிலோ மாட்டி இழுத்தது. கழுத்து இறுகியது. இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து விழுந்தாள்.

கடைமுன்னால் அருளப்பன் இல்லை. ஜெபக்கூட்டத்துக்குப் போய்விட்டதாகச் சீட் உறை தைப்பவர்கள் சொன்னார்கள். ரூபி கல்லாவுக்குப் பக்கத்துப் போனில் அய்யனாரின் எண்ணை அழுத்தினாள். இரண்டு முறை தப்பாகப் போட்டாள். வண்டியில் ஒரு பெண் செத்திருக்கிறாள், பின் இடது பக்கம், உங்கள் வீட்டம்மாவை அங்கே உட்கார வைக்க வேண்டாம் என்று மூச்சுவிடாமல் சொன்னாள்.

தெரியும் என்றார் அய்யனார். தெரிந்துதான் வாங்குகிறாராம். மனைவி மாயக்காளிடம் மட்டும் சொல்லவில்லையாம். அவள் காதில் போட வேண்டாமாம். முன்சீட்டில் உட்கார்ந்தால் வழியெல்லாம் வண்டியோட்டப் பாடம் நடத்துவாளாம், அதனால் பின்னால்தானாம்.

"ஆமா பாப்பா, சத்தத்தப் பின்னாடி தள்ளுற வித்தை ஒண்ணு இருக்காமே? அருளப்பன் சொன்னாரு. அத மொதல்ல சொல்லிக் குடு. இவ தொணதொணப்புல எனக்குக் காது போச்சு."

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, அவள் சிரிப்பதற்காகக் காத்திருந்தார்.

ரூபி சிரிக்கவில்லை. போனை வைத்தாள். பயம் இருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது. அது தன் கோபமா, அந்தப் பெண் தனக்குள் விட்டுப்போனதா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கொட்டகை ஷட்டரை இறக்கிப் பூட்டாமல் போக முடியாது. அவள் திரும்பிப் போனாள். வண்டி இருட்டில் அசையாமல் நின்றது. அவள் ஏறி இறங்கியது முன்கதவு வழியாக. ஆனால் கிழிந்த மஞ்சள் துப்பட்டா பின் இடது கதவில் மாட்டியிருந்தது. சாத்திய கதவின் இடுக்கிலிருந்து ஒரு முழம் வெளியே தொங்கியது. காற்று இல்லை. துணி அசைந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உள்ளே போனது. அவசரமில்லாமல், உட்காரும்போது புடவைத் தலைப்பை மடியில் எடுத்து வைத்துக்கொள்வதுபோல, உள்ளிருந்து ஒரு கை அதைச் சிறிது சிறிதாக இழுத்து முடித்தது. கடைசி நூலும் மறைந்ததும், திரையில் சிவப்பாக இருந்த அந்தக் கதவு மெல்ல மூடிக்கொண்டது.

14.7.2009, செவ்வாய். இன்றைய தவறு: வகுப்புக்குப் போகவில்லை. மற்ற தவறு பிப்ரவரியில் செய்தது. அன்றைய பக்கத்தில் இப்போதுதான் எழுதினேன். நாளைய வேலை: காலை ஒன்பது மணி, வெள்ளை வண்டி, நத்தம். மாயக்காள் அம்மாவை முன்னால் உட்கார வைக்க வேண்டும். பின்னால், இடது பக்கம் நான். மணியை நிறுத்தச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. யார் என்ன சொன்னாலும் சிரிக்கக் கூடாது.