பச்சை வரும்வரை

"தலையை ஆட்டாதேங்கோ. காது போனாப் பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது."

புஸ்பராணி கையிலிருந்த அடையாள வளையைக் கழற்றி யன்னல் கட்டையில் வைத்துவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுத்திருந்தாள். வெட்டிய மயிர் வளைக்குள் புகுந்தால் நாள் முழுக்க அரிக்கும் என்பாள். அவள் புருசன் அருளப்பு மாஸ்டர் கழுத்தில் பழைய சேலைத் துண்டொன்றைச் சுற்றிக்கொண்டு கதிரையில் இருந்தார். வெளியே காற்று காலையிலிருந்தே இரைந்துகொண்டிருந்தது. இடப்பக்கம் வெட்டி முடிந்திருந்தது. வலப்பக்கம் தொடங்கப் போகையில் சுவரில் இருந்த ஆணைவிளக்கு அணைந்தது.

"இதென்னப்பா, பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை?"

"யோசிக்குதாக்கும்" என்றார் மாஸ்டர்.

ஆழித்தீவில் வீட்டுக்கு வீடு, அரசுக் கந்தோருக்குக் கந்தோர் அந்த விளக்கு இருந்தது. பச்சை எரிந்தால் செய்யலாம். சிவப்பு எரிந்தால் செய்யக் கூடாது. அதை ஏற்றி அணைத்தது அரசுளம். கடலுக்கு அப்பால், பணக்கார நாடொன்றின் குளிரூட்டிய மண்டபத்தில் இருந்த பெரிய கணிப்பொறி அது. ஏழை நாடுகளுக்கு நல்ல அரசாங்கம் அமைத்துக் கொடுக்கவென்று உதவி நாடுகளின் கூட்டமைப்பு அதை உருவாக்கியிருந்தது. தீவிலிருந்து போகும் ஒவ்வொரு விண்ணப்பமும் கடலடிக் கம்பி வழியாக அதனிடம் போகும். இமைப்பொழுதில் முடிவு திரும்பி வரும். உள்ளூர் அலுவலர்களுக்கு விளக்கைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. முடிவு எடுக்கிறவன்தான் கை நீட்டுவான், ஆகவே முடிவு எடுக்க உள்ளூரில் ஒருவனும் இருக்கக் கூடாது. அதுதான் அந்தப் பொறியின் தத்துவம்.

பொய் சொல்லக் கூடாது, அது நன்றாகவே வேலை செய்தது. அதற்கு முன் ஆழித்தீவில் பிள்ளை பிறந்தாலும் ஆள் செத்தாலும் அதைப் பதிந்துகொள்ளத் 'தெரிஞ்ச ஆள்' ஒருவர் வேண்டும். ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கும், ஆனால் சும்மா கேட்டால் இருக்காது. புயல் வந்தால் கரையோரத்து அடைக்கலக் கூடத்தின் சாவி அதன் காவலாளி சவிரிமுத்துவிடம் இருக்கும். கையில் ஏதாவது வைத்தவர்கள் முதலில் உள்ளே போவார்கள், மற்றவர்கள் மழையில் நிற்பார்கள். ஊரில் அவனுக்குச் சாவிமுத்து என்றே பெயர்.

அந்தச் சவிரிமுத்துவுக்கு எதிராக முதல் கையெழுத்தை வைத்தவர் அருளப்பு மாஸ்டர்தான். அவர் எழுதிய மனு தீவு முழுக்கச் சுற்றிக் கூட்டமைப்பு வரை போனது. அரசுளம் வந்த அன்று பொதுக் கட்டிடங்களின் பூட்டுகளையெல்லாம் கழற்றினார்கள். பூட்டு இருந்தால் சாவி இருக்கும், சாவி இருந்தால் சவிரிமுத்து இருப்பான் என்று மேடையில் பேசியவரும் மாஸ்டர்தான். அடைக்கலக் கூடத்துப் பூட்டை இறங்குதுறையில் நின்று அவரே கடலில் எறிந்தார். சனம் கைதட்டியது. புஸ்பராணி மட்டும், "வித்திருந்தா ஒரு சோடிச் செருப்பாவது வாங்கியிருக்கலாம்" என்று அவர் காதுக்குள் சொன்னாள்.

பதினொரு வருடம் குழாயில் தண்ணீர் வந்தது. ஓய்வூதியம் மாதம் தவறவில்லை. பாடசாலைக்கு வாத்திமார் வந்தார்கள். சனமும் மாறியது. எங்கே போனாலும் வரிசையில் நிற்கப் பழகியது. முன்னால் நிற்பவன் மந்திரியானாலும் பின்னால் நிற்பவள் மீன்காரியானாலும் முறை வரும்போது பச்சை வந்தது. ஒருமுறை பச்சை வந்தவன் மறுமுறை பொறுமையாக நிற்பான். வருடக்கணக்காக வந்தால் நிற்பது அவனுக்குச் சுகமாகிவிடும்.

அன்று காலை அரசுளம் புயல் எச்சரிக்கை தந்திருந்தது. மாலையில் கூடம் திறக்கும், எல்லோரும் ஆயத்தமாக இருக்கவும் என்றது. பின்னேரம் விளக்கு அணைந்ததும் புஸ்பராணி கத்தரிக்கோலை வைத்துவிட்டாள்.

"எழும்புங்கோ. காத்தைப் பார்த்தா ஓடு ஒண்டும் மிஞ்சாது போல கிடக்கு."

"பாதித் தலையோடையா?"

"அங்கை உங்களைப் பொம்பிளை பார்க்கவே கூப்பிடுறாங்கள்? வாங்கோ. மிச்சத்தை நாளைக்கு வெட்டுறன்."

அடைக்கலக் கூடம் தடித்த சுவர்களோடு கட்டிய கட்டிடம். நிலமட்டத்தில் வெளிப்பக்கம் திறக்கும் ஒரே கதவு. உள்ளே மேல்மாடிக்குப் படிகள். இவர்கள் மேட்டிலிருந்து இறங்கிப் போனபோது ஊரே அங்கே வரிசையாக நின்றது. குழந்தைகளைத் தூக்கியவர்களை முன்னால் விட்டிருந்தார்கள். ஒருவரை ஒருவர் இடிக்கவில்லை. கதவுக்கு மேலே விளக்கு அணைந்திருந்தது. கதவின் முன்னால் பணியாளர் துசிதரன் சீருடை நனைய நின்றான். நல்ல பிள்ளை, மாஸ்டரின் பழைய மாணவன்.

"என்ன தம்பி, இன்னும் வரேல்லையோ?"

"இல்லை சேர். தொடர்பு வருதில்லை. கடைசியா வந்த ஆணை 'மூடியிருக்கட்டும்'. மற்றது வருமட்டும் அதுதானே நடைமுறை."

"வரும், வரும்" என்றார் மாஸ்டர், பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்க. "இத்தனை வருசத்திலை ஒருநாள் பிழைச்சிருக்கே?"

அலைகள் இறங்குதுறையைத் தாண்டித் தெருவில் நுரை தள்ளின. கணுக்கால்வரை தண்ணீர் வந்தபோது வரிசையின் கடைசியில் ஒரு குரல் எழும்பியது.

"இழுங்கோடா கதவை! என்னத்தைப் பார்த்துக்கொண்டு நிக்கிறியள்?"

சவிரிமுத்துதான். வேலை போன பிறகு வலை பின்னிப் பிழைத்துக்கொண்டிருந்தான். வரிசையை விட்டு முன்னால் வந்தவனை நாலைந்து பேர் பிடித்துக்கொண்டார்கள்.

"பழைய புத்தி போகேல்லைப் பார்!"

"சாவிமுத்தர், இண்டைக்கு எவ்வளவு வாங்கினீர்?"

சனம் சிரித்தது. இழுபறியில் அவன் சட்டை கிழிந்தது. மாஸ்டரும் சொன்னார்: "சவிரி, எல்லாருக்கும் ஒரு முறை. உனக்கும் அதுதான். வரிசையிலை நில்."

அவன் மாஸ்டரை ஏற இறங்கப் பார்த்தான். தூஷண வார்த்தை ஒன்றைச் சொல்லித் துப்பிவிட்டு, பக்கத்தில் இருந்த தண்ணீர்த் தாங்கியின் ஏணியில் ஏறத் தொடங்கினான். அதில் ஏறுவதற்கும் பச்சை வேண்டும். "இவனைப் பதியவேணும்" என்று யாரோ சொன்னார்கள்.

அப்போதுதான் புஸ்பராணி தன் வெறுங்கையைப் பார்த்தாள்.

"ஐயோ, வளை! யன்னலிலை வைச்சிட்டு வந்திட்டன். வளை இல்லாட்டி உள்ளுக்கு விடாதே."

"நான் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாறன்."

"ஓடாதேங்கோ, வழுக்கும். மெல்லப் போயிட்டு வாங்கோ. உங்கடை இடத்தை நான் பார்த்துக்கொள்ளுறன்."

அவர் மேட்டில் ஏறினார். வளை யன்னல் கட்டையில் அப்படியே இருந்தது. அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தபோது கீழே தெரு இருந்த இடத்தில் கடல் இருந்தது.

தண்ணீர் வற்ற மறுநாள் மத்தியானம் ஆனது. கதவோடு ஒட்டிக் கிடந்தவன் துசிதரன். புஸ்பராணி நாலாவது ஆளாகக் கிடைத்தாள். இரண்டு கையாலும் வேறு யாரோ ஒருத்தியின் பிள்ளையை அணைத்திருந்தாள். மாஸ்டர் அவளை அடக்கம் செய்தபோது அவர் தலையில் ஒரு பக்கம் குட்டையாகவும் மறுபக்கம் நீளமாகவும் இருந்தது.

புயலில் அறுந்த கடலடிக் கம்பி திருத்தப்பட்டதும் கூட்டமைப்பின் மதிப்பீட்டாளர் வந்தார். நல்ல மனிதர், கண் கலங்கினார். அவர் பேசப் பேச, மார்பில் தொங்கிய மொழிபெயர்ப்பி அதைச் செந்தமிழில் சொன்னது.

"ஐயா, தங்கள் இழப்பிற்கு ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம். எனினும், அன்றைய நாளில் தங்கள் மக்கள் வெளிப்படுத்திய ஒழுங்கு ஒப்பற்றது. கையூட்டு இல்லை. சலுகை இல்லை. கட்டிடத்திற்குச் சேதம் இல்லை. விதிமீறல் ஒன்றே ஒன்று."

"அது ஆர்?"

"தண்ணீர்த் தாங்கியில் அனுமதியின்றி ஏறிய நபர்."

அந்த வருடம் நல்லாட்சி அட்டவணையில் ஆழித்தீவு முதலிடத்துக்கு வந்தது. மேலும் மூன்று ஏழை நாடுகள் தங்களுக்கும் அரசுளம் வேண்டுமென்று கேட்டன. குறை கண்டறியப்பட்டது: கம்பி ஒன்றே இருந்தது. இரண்டாவது கம்பி போட்டார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியவில்லை. துசிதரன் தன் கடமையைச் செய்திருந்தான். அரசுளம் தனக்கு வந்த விண்ணப்பம் அனைத்துக்கும் பதில் அளித்திருந்தது. அன்று பின்னேரம் அதற்கு விண்ணப்பமே வரவில்லை.

மாஸ்டர் ஒருநாள் சவிரிமுத்துவைத் தேடிப் போனார். அவன் வலைக்குள் கால் நீட்டி இருந்தான்.

"உன்னட்டைச் சாவி இருந்திருந்தா..." என்று தொடங்கி மாஸ்டர் நிறுத்தினார்.

"காசு கேட்டிருப்பன் மாஸ்டர்" என்றான் சவிரிமுத்து, ஊசியை நிறுத்தாமல். "உங்களிட்டை ரெண்டு மடங்கு கேட்டிருப்பன். நீங்களும் ஏசிப்போட்டுத் தந்திருப்பியள். தராதவன் அடிச்சிருப்பான். எப்பிடியோ, கதவு திறந்திருக்கும்."

பழைய நாட்களில் ஊர் எப்படிக் கத்தும் என்று மாஸ்டருக்கு ஞாபகம் இருந்தது. முழங்கையால் இடிக்கும், தாய் தகப்பனை இழுத்து ஏசும், மாமன் மச்சான் பெயரைச் சொல்லி உள்ளே பாயும். அந்தச் சத்தம் வெட்கக்கேடு என்றுதான் அவர் மனு எழுதினார். அதில் பாதி வெட்கக்கேடுதான். மற்றப் பாதி என்னவென்று மனு எழுதியபோது அவர் யோசிக்கவில்லை.

"சட்டை தைச்சாச்சோ?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லை. அப்பிடியே கிடக்கு."

இரண்டாவது கம்பியின் திறப்புவிழா அடைக்கலக் கூடத்தின் முன்னால் நடந்தது. செத்தவர்களுக்கு உள்ளே மலர்வளையம் வைப்பதாக ஏற்பாடு. முதல் மனு எழுதியவர் என்பதால் மாஸ்டரை வரிசையின் முன்னால் நிறுத்தினார்கள். சட்டைப்பையில் புஸ்பராணியின் வளை கிடந்தது. பின்னால் மிஞ்சிய ஊர் நின்றது. மதிப்பீட்டாளரின் உரை தூரத்து மேடையில் இன்னும் முடியவில்லை. கதவுக்கு மேலே புது விளக்கு சிவப்பாக எரிந்தது.

மாஸ்டர் கையை நீட்டிக் கதவை இழுத்தார்.

பலம் கொடுக்கத் தேவைப்படவில்லை. வாத்தியார் வகுப்பறைக் கதவை இழுப்பது போலத்தான் இழுத்தார். அது கிறீச்சிட்டுத் திறந்தது. வெயில் படிகளில் விழுந்தது. மேல் படிகளில் தூசி கலையாமல் கிடந்தது.

பின்னால் ஒருவரும் அசையவில்லை. ஒரு பெண் குரல் மட்டும், கோபமில்லாமல், அவர் தெரியாமல் பிழை விடுகிறார் என்ற அக்கறையோடு சொன்னது:

"மாஸ்டர், இன்னும் பச்சை வரேல்லை."

அவர் கதவின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். பூட்டைக் கழற்றிய இடத்தில் நாலு ஆணித் துளைகள் துருவேறி இருந்தன. கதவுக்குப் பூட்டு இல்லை.