பதினொன்றரை மணிச் சாப்பாடு

சுமன் சாப்பிடுவதில்லை. கொஞ்ச நாட்களாகப் பிள்ளை மடுவத்தில் இதே பேச்சுதான்.

கண்டிக்குப் பக்கத்தில், வத்தேகமவுக்கு மேலே, தேயிலை மலைச் சரிவில் இருந்தது அந்த மடுவம். வாசல் பலகையில் ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ என்று எழுதியிருந்தாலும் தோட்டத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. எல்லோருக்கும் அது மடுவம்தான். கொழுந்து பறிக்கப் போகும் அம்மாமார் தங்கள் சின்னப் பிள்ளைகளை அங்கே விட்டுச் செல்வார்கள். காசு கேட்பதில்லை. பகல் சாப்பாட்டுக்கு அரிசி, பருப்பு, முட்டை எல்லாம் அரசாங்க உதவியில் வந்துவிடும்.

சுமனுக்கு மூன்று வயது. அவனுடைய அக்கா நிரோஷினிக்குப் பதினொன்று.

அவர்களுடைய அம்மா இரண்டு மாதங்களுக்கு முன் காய்ச்சல் என்று கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனார். ஐந்தாம் நாள் இறந்துபோனார். அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, சுமனைப் பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் விட்டிருந்தார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் அவனை அழைத்து வந்தார்கள்.

“அம்மா எங்க?” என்று கேட்டான்.

“ஆஸ்பத்திரியில இருக்காங்க. நாளைக்கு வந்துருவாங்க” என்றார் யாரோ.

அன்றிலிருந்து எல்லோரும் அதையே சொன்னார்கள். நிரோஷினியும் சொன்னாள். அவன் அழுகையை நிறுத்த வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு திங்கட்கிழமை, பிள்ளைகளின் நிறை பார்க்க மருத்துவிச்சி மடுவத்துக்கு வந்தார். சுமனைத் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தார். அவனுடைய நிறையைக் குறிக்கும் கொப்பியில் ஒரு புள்ளி வைத்தார். போன மாதப் புள்ளியைவிட அது கீழே இருந்தது. அதற்கு முந்தைய மாதப் புள்ளியைவிட இன்னும் கீழே.

“இப்படியே போனா ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டி வரும்” என்றார் மருத்துவிச்சி. “வீட்டுல வெச்சு, பக்கத்துலயே இருந்து ஊட்டுறதுக்கு யாராவது இருக்காங்களா?”

வீட்டில் யார் இருக்கிறார்கள்? அப்பா மோகனராஜ் வத்தேகம டவுனில் மரக்கறி மூட்டை இறக்கும் வேலை செய்தார். காலை ஆறு மணி பஸ்ஸில் போனால் இருட்டும் நேரத்தில்தான் வருவார்.

அன்று மாலை அப்பா நிரோஷினியைப் பார்க்காமல், அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“கொஞ்ச நாளைக்கு நீ பள்ளிக்கூடம் போகாம இருக்கியாம்மா? தம்பி தேறுற வரைக்கும்தான்.”

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள்? கீழ் லயத்துச் சந்திரிகா அக்காவும் கொஞ்ச நாள் என்றுதான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாள். அப்புறம் போகவே இல்லை. ஆனால் அப்பாவின் தோள்கள் மூட்டை இறக்கி இறக்கித் தொங்கிப் போயிருந்தன. அவரிடம் மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

“சரிப்பா” என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். “ஆனா, முதல்ல நானும் தம்பியோட மடுவத்துல இருந்து பாக்குறேன். அவன் ஏன் சாப்பிட மாட்டேங்கிறான்னு தெரிஞ்சுக்கணும்.”

மறுநாள் அவள் சுமனோடு மடுவத்துக்குப் போனாள். பொறுப்பாளர் ஜெயராணி டீச்சர் அவளுக்கு உட்கார ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

காலை முழுவதும் சுமன் நன்றாகத்தான் இருந்தான். கட்டைகளை அடுக்கினான். ஷஹ்மா என்ற நான்கு வயதுப் பெண்ணோடு சண்டை போட்டான். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நாய்க்குட்டியைத் துரத்தினார்கள்.

பன்னிரண்டு மணிக்குத் தொழிற்சாலைச் சங்கு ஊதியது.

சுமன் கையிலிருந்த கட்டையைக் கீழே போட்டான். ஓடிப்போய் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மலையிலிருந்து அம்மாமார் இறங்கி வந்தார்கள். குழாயடியில் கறை படிந்த கைகளைத் தேய்த்துக் கழுவினார்கள். தங்கள் பிள்ளையை மடியில் வைத்துச் சோறு ஊட்டினார்கள். நிரோஷினிக்கு இதெல்லாம் தெரியாது. அந்த நேரத்தில் அவள் எப்போதும் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். அவளுடைய அம்மாவும் இப்படித்தான் தினமும் வந்திருப்பாரா?

கேட்டுக்குள் நுழைந்த ஒவ்வொரு முகத்தையும் சுமன் அண்ணாந்து பார்த்தான். ஒருவர் போனதும் அடுத்தவர். அடுத்தவர் போனதும் அதற்கடுத்தவர்.

“வா சுமன், சாப்புடு. அம்மா வந்துருவாங்க” என்று டீச்சர் தட்டோடு போனார்.

“அம்மா வந்தொன்ன சாப்புடுறேன்” என்றான் சுமன்.

அம்மாமார் எல்லோரும் திரும்ப மலைக்குப் போய்விட்டார்கள். சுமன் கேட்டடியிலேயே உட்கார்ந்து, கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனான். தட்டில் சோறு அப்படியே காய்ந்து கிடந்தது.

“தெனமும் இதே கதைதாம்மா” என்றார் ஜெயராணி டீச்சர். சேலை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அன்று மாலை அப்பா வந்து தேநீர் குடித்து முடிக்கும்வரை நிரோஷினி காத்திருந்தாள். சுமன் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தான்.

“அப்பா, தம்பிக்குப் பசிக்குதுப்பா. ஆனா அம்மா வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்கான். நம்மதானே ‘வருவாங்க, வருவாங்க’ன்னு சொல்றோம்? நம்ம பொய்யாலதான் அவன் சாப்பிடல.”

அப்பா வெறும் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சின்னப் பிள்ளைகிட்ட எப்படிம்மா சொல்றது? எனக்கு வாய் வராது.”

“நான் சொல்றேன். நீங்க பக்கத்துல இருங்க. போதும்.”

அப்பா சுமனைத் தூக்கி வந்து மடியில் உட்கார வைத்தார். நிரோஷினி அவன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். என்ன சொல்வது என்று மனதுக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருந்தாள். இப்போது எல்லாம் மறந்துவிட்டது.

“தம்பி, அக்கா ஒங்கிட்ட பொய் சொல்லிட்டேன். அம்மா ஆஸ்பத்திரியில இல்ல. அம்மா செத்துப் போயிட்டாங்க. இனி வர மாட்டாங்க.”

சுமன் அவளையே பார்த்தான்.

“நாளைக்கு?”

“நாளைக்கும் வர மாட்டாங்க.”

“சங்கு ஊதுனா?”

“சங்கு ஊதுனாலும் வர மாட்டாங்க.”

“அம்மாவுக்குக் கோவமா?”

“இல்லடா. அம்மாவுக்கு ஒம்மேல கோவமே இல்ல. அம்மாவுக்கு வரணும்னுதான் ஆசை. ஒடம்புக்கு ரொம்ப முடியாமப் போயி செத்துப் போயிட்டாங்க. செத்துப் போனா திரும்பி வர முடியாது.”

சுமனுடைய உதடு நடுங்கியது. அப்புறம் அவன் அழுதான். இத்தனை நாளாக அழுதது போல, ஒரு பொய் சொன்னால் நின்றுவிடும் அழுகை இல்லை அது. அப்பா அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவருடைய முதுகு குலுங்கியது. நிரோஷினி இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் அப்படியே வெகுநேரம் இருந்தார்கள்.

உண்மையைச் சொல்லிவிட்டால் மறுநாளே அவன் சாப்பிட்டுவிடுவான் என்று நிரோஷினி நினைத்திருந்தாள். அப்படி நடக்கவில்லை.

மறுநாளும் சங்கு ஊதியது. சுமன் கேட்டுக்குத்தான் ஓடினான். ஆனால் இந்தத் தடவை முகங்களைத் தேடவில்லை. உள்ளே வந்த ஒவ்வொருவரிடமும், “எங்கம்மா வர மாட்டாங்க” என்று சொன்னான்.

அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்த பாலம்மா அப்படியே நின்றுவிட்டார். பேத்திக்குச் சோறு ஊட்ட வந்தவர் அதை மறந்து சுமனைத் தூக்கி, அவன் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அன்று மடுவத்தில் பெரியவர்கள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சுமனும் சாப்பிடவில்லை.

நிரோஷினி சோர்ந்துபோய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவள் கண்ணில் வேறு இரண்டு தட்டுகள் பட்டன. சோறு பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. ஒன்று ஷஹ்மாவினுடையது. இன்னொன்று தர்ஷன் என்ற குட்டிப் பையனுடையது. இருவரும் மற்றப் பிள்ளைகள் அம்மா மடியில் இருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒன்னோட அம்மா எங்க?” என்று ஷஹ்மாவிடம் கேட்டாள்.

“என்ட உம்மா போனுக்குள்ள ஈக்கிறா” என்றாள் ஷஹ்மா.

“போனுக்குள்ளயா?”

“ஓம். ராவைக்கு வாப்பா போனத் தட்டினா வருவா.”

நிரோஷினிக்குச் சிரிப்பு வந்தது. உடனே அது மறைந்தும் போனது. ஷஹ்மாவின் உம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்வதாக டீச்சர் சொன்னார். தர்ஷனின் அம்மா தூரத்தில் ஒரு தையல் தொழிற்சாலையில் இருந்தார். மாதம் ஒருமுறைதான் வருவார்.

நிரோஷினி எழுந்து டீச்சரிடம் போனாள்.

“டீச்சர், இந்த மூணு பேருக்கும் சங்கு ஊதுறதுக்கு முன்னாடியே சோறு குடுத்தா என்ன?”

“எல்லாருக்கும் பன்னெண்டு மணிதாம்மா. அட்டவணையில அப்படித்தான் போட்டிருக்கு.”

“பன்னெண்டு மணிக்கு அம்மாமார் வர்றாங்க, டீச்சர். அதைப் பாத்துக்கிட்டே இவங்களுக்கு எப்படிச் சோறு இறங்கும்?”

ஜெயராணி டீச்சர் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்தார். மூன்று தட்டுகளையும் பார்த்தார்.

“பதினொன்றரைக்குச் சோறு வேகணும்னா, பத்தரைக்கே அடுப்பு பத்த வைக்கணும்” என்றார் கடைசியில். “அது என் பாடு. பத்த வைக்கிறேன்.”

மறுநாள் பதினொன்றரை மணிக்குப் பின்பக்க விறாந்தையில் ஒரு பாய் விரித்தார்கள். டீச்சர் ஒரு பெரிய தட்டில் சோறும் பருப்பும் முட்டையும் போட்டுப் பிசைந்து மூன்று பேருக்கும் நடுவில் உட்கார்ந்தார். ஷஹ்மாவுக்கு ஒரு வாய். தர்ஷனுக்கு ஒரு வாய். சுமன் வாயை இறுக மூடிக்கொண்டான்.

“இவனுக்கு வேணாமாம். எனக்குத் தாங்க” என்றாள் ஷஹ்மா.

சுமன் அவளை முறைத்தான். வாயைத் திறந்தான்.

நான்கு வாய்தான் சாப்பிட்டான். அடுத்த நாள் ஏழு வாய். நிரோஷினி ஒவ்வொன்றாக எண்ணினாள். பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதியபோது மூன்று பேரும் உள் அறையில் படுத்திருந்தார்கள். சுமன் தலையைத் தூக்கிக் கதவைப் பார்த்தான். எழுந்து ஓடவில்லை. கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் அழுதுவிட்டு, தர்ஷனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு தூங்கினான்.

அப்பாவும் சம்மதித்தார். அடுத்த திங்கட்கிழமை நிரோஷினி வெள்ளைச் சீருடை போட்டுக்கொண்டு சுமனை மடுவத்தில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். கணக்குப் பாடத்தில் ஒன்றும் புரியவில்லை. நான்கு நாள் பாடம் தவறிப்போயிருந்தது. ஆனாலும் வகுப்பில் தன் வாங்கில் உட்கார்ந்திருப்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

அம்மா இல்லாத வீடு அதனால் மாறிவிடவில்லை. சுமன் இப்போதும் சில காலைகளில் அம்மாவைக் கேட்டான். நிரோஷினி ஒவ்வொரு தடவையும் உண்மையையே சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு வலித்தது.

மாத முடிவில் மருத்துவிச்சி வந்தார். கொப்பியில் வைத்த புள்ளி, பழைய புள்ளியைவிட ஒரு நூலளவு மேலே இருந்தது.

அன்று மாலை அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வீட்டுக்கு வந்தார்.

“தம்பி சாப்பிட்டானா?”

“சாப்பிட்டான்ப்பா. மடுவத்துல முழுசா சாப்பிட்டானாம். இப்பவும் சாப்பிட்டுட்டுத் தூங்குறான்.”

அப்பா தலையசைத்தார். முகம் கழுவப் போனவர், பாதியில் திரும்பி வந்தார்.

“நீ?”

நிரோஷினி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அம்மா போன பிறகு இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவளே தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை.

“இல்லப்பா” என்றாள். அதற்கு மேல் பேச முடியவில்லை. கண்ணீர் கொட்டியது.

அப்பா அவளைக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் உட்கார வைத்தார். தானே தட்டை எடுத்துச் சோறு போட்டார். உருளைக்கிழங்கு வெட்டி, வெங்காயம் வதக்கி ஒரு கறியும் வைத்தார். இதுவரை அவர் சமைத்ததே இல்லை.

கறியில் உப்பு ரொம்பக் கூடிவிட்டது. நிரோஷினி இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.