வெறும் மூடி

சுகுமாறன் அந்த வெள்ளைக் காரை ஓட்டி வந்தபோது காலை பத்து மணி இருக்கும். சிங்கப்பூருக்கு இக்கரையில், மாசாய் தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில் இருந்தது காளிதாஸின் ஒர்க்‌ஷாப். கார்க் கதவைத் திறந்ததும் கருகல் வாடை முகத்தில் அடித்தது. ஸ்டீரிங்கின் நடுவிலிருந்து ஒரு வெள்ளைத் துணிப்பை சரிந்து தொங்கியது. இருக்கையெங்கும் மாவு கொட்டியதுபோல் பொடி.

"விளக்குக் கம்பத்துல இடிச்சிட்டேன் பாஸ். நல்லவேளை, ஏர்பேக் வெடிச்சுக் காப்பாத்திருச்சு. ஒரு கீறல்கூட இல்ல."

சுகுமாறனுக்குச் சிங்கப்பூரில் வேலை. கார் அவனுடையதல்ல, நான்கு வருட லீஸ். இன்னும் எட்டு நாளில் கம்பெனியிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். பம்பரும் முன்விளக்கும் புதிதாக மாற்றச் சம்மதித்தான். ஏர்பேக்கின் விலையைக் கேட்டதும் முகம் சுருங்கியது.

"அதெல்லாம் வேணாம். மேல மூடி மட்டும் போடு. டேஷ்போர்டுல லைட்டு எரியக்கூடாது. செக் பண்றவனுக்குத் தெரியக்கூடாது, அவ்ளோதான்லா."

"உயிர் விஷயம், சுகு."

"என் உயிரா? நான்தான் வண்டியைத் திருப்பிக் குடுக்கப் போறேனே."

காளிதாஸ் இரண்டு நாள் மறுத்தான். ஆனால் சுகுமாறன் அனுப்பிவைக்கும் வாடிக்கையாளர்களை நம்பித்தான் அவன் ஒர்க்‌ஷாப் ஓடியது. மூன்றாம் நாள் ஒரு மூடி வாங்கி ஒட்டினான். பை இருந்த இடம் வெறும் குழி. கம்பியில் ஒரு சின்ன ரெசிஸ்டரைப் பற்றவைத்தான். ஏர்பேக் இருக்கிறது என்று காரின் கம்ப்யூட்டர் நம்பிவிட்டது. எச்சரிக்கை விளக்கு அணைந்தது. கடைசியாக எண்ணெய் மாற்றி, வழக்கம்போல் கண்ணாடியில் தன் ஒர்க்‌ஷாப் ஸ்டிக்கரையும் ஒட்டினான்.

கம்பெனியில் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

நான்கு மாதம் கழித்து, ஒரு மழைநாள் மதியம் மூன்று மணிக்கு, அதே கார் மீண்டும் வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவள் ஒரு பெண். தலையில் நீலத் துணி, மருந்துக்கடைச் சீருடை. தஸ்லிமா என்று பெயர் சொன்னாள். கம்பெனியிடமிருந்து அந்தக் காரை லீஸில் எடுத்திருந்தாள்.

"ஹார்ன் சில நேரம் அடிக்க மாட்டேங்குது அண்ணே. கண்ணாடியில உங்க ஸ்டிக்கர் இருந்துச்சு, அதான் இங்கயே வந்தேன்."

ஹார்ன் அந்த மூடிக்குள்தான் இருந்தது. அவளை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு காளிதாஸ் மூடியைக் கழற்றினான். அவன் விட்டுவைத்த குழி அப்படியே இருந்தது. ஹார்ன் கம்பியைச் சரிசெய்து மூடியை மறுபடி அழுத்தினான்.

"வாராவாரம் மெர்சிங் போறேன். வாப்பா அங்க படகுத்துறை ஜெட்டி பக்கத்துல சாப்பாட்டுக் கடை வச்சிருக்காங்க. ரோடெல்லாம் செம்பனைக் காய் ஏத்துற லாரி. அதான் பயம்" என்றாள் அவள். "மத்ததெல்லாம் நல்லா இருக்கா? நல்லாப் பாத்தீங்களா அண்ணே?"

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம் போதும். ஆனால் சொன்னால் அடுத்து, இதைச் செய்தது யார் என்று கேட்பாள்.

"எல்லாம் நல்லா இருக்கும்மா."

கூலி வேண்டாம் என்றான். அவள் சிரித்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு மாதம் கழித்து, பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் ஐயாசாமியின் யார்டுக்குக் கதவு ஒன்று தேடிப் போனான் காளிதாஸ். மூலையில் ஒரு வெள்ளைக் கார், முன்பாதி நசுங்கிக் கிடந்தது. கண்ணாடி தூளாகியிருந்தாலும் ஸ்டிக்கர் ஒட்டிய துண்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"மெர்சிங் போற ரோட்டுல, கோத்தா திங்கி தாண்டி, லாரியில போய்ச் சொருகிட்டா" என்றார் ஐயாசாமி. "சின்னப் பொண்ணு, அங்கேயே போயிட்டா. கண்ணு மண்ணு தெரியாம ஓட்டியிருப்பாங்கிறாங்க. இந்தக் காலத்துப் பிள்ளைங்க, என்ன சொல்றது."

காளிதாஸ் குனிந்து பார்த்தான். மூடி இரண்டாகப் பிளந்திருந்தது. குழிக்குள் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

வெளியே வந்து சுகுமாறனைப் போனில் அழைத்துச் சொன்னான்.

"அலமாக்" என்று பதறினான் சுகுமாறன். பிறகு, "நல்ல வண்டியாத்தான் திருப்பிக் குடுத்தேன், கையெழுத்து போட்டு வாங்கினாங்க. நீயும் வாய மூடிக்கிட்டு இரு" என்று சொல்லி வைத்துவிட்டான்.

காளிதாஸும் வாயை மூடிக்கொண்டான்.

மறுநாள் மதியம் மூன்று மணிக்கு வெளியே ஹார்ன் சத்தம் கேட்டது. ஒரே ஒரு தடவை, தயங்கி அடித்ததுபோல். எட்டிப் பார்த்தான். முற்றம் வெறிச்சென்று கிடந்தது. ஆனால் அந்தக் கருகல் வாடை வந்தது. கூடவே மெல்லிய மருந்து வாசனை.

அடுத்த நாளும் அதே நேரம். அதற்கடுத்த நாளும்.

நான்காம் நாள் தகரக் கூரை அதிர மழை பெய்தது. எதிர்ச் சாரியே தெரியவில்லை. மூன்று மணிக்கு ஹார்ன் அடித்தது. காளிதாஸ் வாசலுக்கு வந்து, அப்படியே நின்றுவிட்டான்.

முற்றமெங்கும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

நடுவில், ஒரு கார் அளவுக்கு மட்டும், தரை காய்ந்திருந்தது.

மழை அந்த இடத்தின் மேல் ஏதோ கூரையில் விழுவதுபோல் விழுந்து, நான்கு பக்கமும் வழிந்தது. கதவு திறக்கும் சத்தம். ஈரச் சிமென்ட்டில் செருப்புக் காலடி, நிதானமாக, அவனை நோக்கி வந்தது.

உள்ளே இருந்த நாற்காலி கிரீச்சிட்டது.

யாரோ உட்கார்ந்ததுபோல்.

"நல்லாப் பாத்தீங்களா அண்ணே?"

கோபமில்லாத குரல். அன்று கேட்ட அதே குரல். காளிதாஸ் முணுமுணுத்தான்.

"நல்லா இல்லம்மா. உள்ள ஒண்ணுமே இல்ல. நான்தான் வெறும் மூடிய ஒட்டினேன்."

"இப்ப என்கிட்ட சொல்லி என்ன அண்ணே?"

அவன் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை. நனைந்தபடியே ஓடி வேனில் ஏறினான். நேரே போலீஸ் நிலையம்.

புஷ்பவள்ளி என்ற பெண் போலீஸ் அவனுக்கு ஒரு துண்டு கொடுத்துத் துடைத்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு கணினி முன் உட்கார்ந்து, அவன் தமிழில் சொல்லச் சொல்ல மலாயில் தட்டினாள். சுகுமாறன் கேட்டது, மூடி, ரெசிஸ்டர், யார்டில் பார்த்த கார், எல்லாவற்றையும் சொன்னான். ஒன்றை மட்டும் விட்டுவிட்டான். தஸ்லிமா உயிரோடு வந்து தன்னிடம் கேட்டதை. அதைச் சொன்னால் சுகுமாறனைவிடத் தான்தான் பெரிய பாவி என்று ஆகிவிடும். கேட்டதற்குச் சாட்சியும் இல்லை.

"அவ்ளோதானா?" என்றாள் புஷ்பவள்ளி.

"அவ்ளோதான்."

அவள் நிமிர்ந்து, அவன் தோளுக்குப் பின்னால் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு மேலும் சில வரிகள் தட்டினாள். அச்செடுத்த தாளை அவன் முன் வைத்தாள்.

"படிச்சுப் பாத்துக் கையெழுத்து போடுங்க."

படித்தான். கடைசிப் பத்தியில் விரல் நின்றது. இறந்தவர் விபத்துக்குப் பதினோரு நாள் முன்பு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னேன்.

"இத நான் சொல்லலையே."

"நீங்க சொல்லல. உங்ககூட வந்தவங்க சொன்னாங்க. நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க, மறுக்கலையே. உங்க தங்கச்சிதானே?" புஷ்பவள்ளி அவன் பின்னால் எட்டிப் பார்த்தாள். "இப்பதான் நின்னுக்கிட்டு இருந்தாங்க."

அவன் திரும்பவில்லை. கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. அது அவனுக்கே தெரியாத செய்தி. மலாய் எழுத்துகளை மெல்லக் கூட்டிப் படித்தான்.

அங்கிருந்து கிளம்பியதும் இறந்தவர் காரிலிருந்தபடியே தன் தந்தையை அழைத்தார். "கவலப்படாதீங்க வாப்பா, நல்ல மனுஷன், காசுகூட வாங்கல" என்றார்.