தெரு சொன்ன தீர்ப்பு

முத்தியால்பேட்டையில் இரண்டு நண்பர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். கிரிக்கெட் மட்டைக்காக இல்லை. தட்டில் மிச்சமிருந்த கடைசி வடைக்காகவும் இல்லை. எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற இரண்டு ராக் இசைக் குழுக்களுக்காக. அந்தக் குழுக்காரர்களுக்கு முத்தியால்பேட்டை என்று ஓர் இடம் இருப்பதே தெரியாது.

ஒருவன் இனியவன், சுடர்விழியின் அண்ணன். கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவான். இன்னொருவன் தேவதாஸ், மூக்குக் கண்ணாடி போட்டவன், இரண்டு வீடு தள்ளி இருப்பவன். டிரம்ஸ் வாசிப்பான். இருவரும் பால்வாடியில் ஒரே பாயில் தூங்கியவர்கள். சுடர்விழி ஆறாம் வகுப்பு. அவளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அண்ணன் இல்லை, தேவதாஸ்தான்.

அப்பா கோவிந்தராசு மைக் செட் கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் அவருடைய ஒலிபெருக்கிகள் போகும். கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில்தான் நண்பர்கள் இருவரும் தினமும் சாயங்காலம் பயிற்சி செய்வார்கள். போன வருஷம் முழுக்க அந்தத் தெருவுக்கு நிம்மதியே இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

ஜூன் மாதம் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் இசைத் திருநாள் வரும். அன்று கடற்கரைப் பக்கத் தெருக்களில் ஆளாளுக்கு நின்று வாசிப்பார்கள். இந்த முறை இவர்களுக்கும் ஓர் இடம் கிடைத்திருந்தது. மூன்று பாட்டு வாசிக்கலாம். யாருடைய பாட்டு என்று பேச உட்கார்ந்தபோதுதான் வினை வந்தது.

"பீட்டில்ஸ்தான், அவங்களுக்குத்தான் செல்வாக்கு அதிகம்" என்றான் இனியவன். "நாமளே பாட்டு எழுதி நாமளே வாசிக்கலாம்னு உலகத்துக்கே காட்டினது அவங்கதான். அவங்களப் பார்த்துதான் ஊரு ஊருக்குப் பசங்க கிட்டார் வாங்கினாங்க."

"வாங்கினாங்க, சரி. அத அதிர அதிர வாசிக்கச் சொல்லிக் குடுத்தது யாரு? லெட் செப்பலின்" என்றான் தேவதாஸ். "இன்னிக்கு சத்தமா வாசிக்கிற பேண்டு எல்லாம் அவங்க போட்ட பாதையிலதான் போவுது." பிரான்சில் இருக்கும் அவனுடைய மாமா அனுப்பிய கேசட் அவன் சட்டைப்பையிலேயே இருந்தது.

"அவங்களே பழைய ப்ளூஸ் பாட்டுக்காரங்ககிட்டேர்ந்து எடுத்தவங்கதானே?"

"உங்க பீட்டில்ஸ் மட்டும் வானத்துலேர்ந்து குதிச்சாங்களா?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "உனக்கு சத்தம்தான் தெரியும், சங்கீதம் தெரியாது" என்று இனியவன் சொல்லிவிட்டான். தேவதாஸ் குச்சிகளை எடுத்துக்கொண்டு எழுந்து போனான்.

அடுத்த நாள் சாயங்காலம் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அம்மா பழக்கதோஷத்தில் அவனுக்கும் சேர்த்து டீ போட்டுவிட்டு, அதை யார் குடிப்பது என்று தெரியாமல் நின்றாள். இனியவன் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பள்ளியிலிருந்து வரும் வழியில் சுடர்விழி தேவதாஸைப் பார்த்தாள்.

"ஏண்ணா வர்றதில்ல?"

"காலேஜ் பசங்க ஒரு குரூப் வச்சிருக்காங்க சுடர். டிரம்ஸ் வாசிக்கக் கூப்பிடுறாங்க. ஞாயித்துக்கிழம சொல்றேன்னிருக்கேன்."

"போயிடுவீங்களா?"

அவன் அவள் தலையில் லேசாகத் தட்டிவிட்டுப் போனான். அன்று சனிக்கிழமை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம் கேட்டாள். "ஒரு பேண்டுக்கு செல்வாக்கு இருக்குன்னா என்னண்ணா அர்த்தம்? நிறைய பேரு கேட்டாங்கன்னா?"

"கேட்டா மட்டும் போதாது. கேட்டவங்க தன்னை அறியாமலே அதே மாதிரி செய்ய ஆரம்பிக்கணும். அதான் செல்வாக்கு."

அப்படியானால் அதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாமே என்று சுடர்விழிக்குத் தோன்றியது. ரிப்பேரிலிருந்து திரும்பி வந்த ஆம்ப்ளிஃபையரை மறுநாள் காலையில் ஓடவிட்டுப் பார்க்கப் போவதாக அப்பா சொல்லியிருந்தார். அதற்கு ஏதாவது கேசட் போட்டுத்தானே ஆகவேண்டும்? அப்பாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு தேவதாஸ் வீட்டுக்கு ஓடினாள்.

"அண்ணா, நாளைக்குக் காலையில உங்க பேண்டையும் போடுறேன், அண்ணன் பேண்டையும் போடுறேன். எதுக்கு நம்ம தெரு ஆடுதுன்னு பார்த்துடுவோம். கேசட்டக் குடுங்க."

தேவதாஸுக்கு ஆசை வந்துவிட்டது. "அவன் அழும்பு பண்ணக் கூடாது" என்றான்.

"பண்ண மாட்டான். நான்தானே நடுவர்."

ஞாயிற்றுக்கிழமை காலை கடை வாசலில் இரண்டு பெரிய ஒலிபெருக்கிகள் நின்றன. இனியவன் வாசற்படியின் இந்த ஓரத்தில் உட்கார்ந்தான். தேவதாஸ் அந்த ஓரத்தில் உட்கார்ந்தான். நடுவில் ஒரு மாடே படுக்கலாம், அவ்வளவு இடம் இருந்தது.

முதலில் பீட்டில்ஸ். தெரு தன் வேலையைப் பார்த்தது. இட்லிக்கடை ஆயம்மா மாவு ஊற்றிக்கொண்டிருந்தார். துணி தேய்க்கும் ஆதிமூலம் மட்டும் தலையை இப்படியும் அப்படியும் அசைத்தார்.

"பார்த்தியா, தாளத்துக்குத் தலையாட்டுறாரு" என்று இனியவன் எழுந்துவிட்டான்.

"அதெல்லாம் இல்ல தம்பி" என்றார் ஆதிமூலம். "ராத்திரி தலகாணி சரியில்ல. கழுத்துப் பிடிச்சிக்கிச்சு."

அடுத்து லெட் செப்பலின். தெருமுனையில் படுத்திருந்த நாய் எழுந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. ஆயம்மா கரண்டியோடு வந்து நின்றார்.

"இன்னாம்மா சுடர், மெஷினு மறுபடியும் ரிப்பேராயிடுச்சா?"

இனியவன் விழுந்து விழுந்து சிரித்தான். தேவதாஸின் முகம் சிவந்துவிட்டது.

"உன்னுதுக்கு மட்டும் எவன் ஆடினான்?"

"நாயாவது ஓடாம இருந்துச்சில்ல?"

சமாதானம் செய்யப் போய்ச் சண்டையை இன்னும் பெரிதாக்கிவிட்டோமே என்று சுடர்விழிக்கு அழுகையே வந்துவிட்டது. சட்டென்று ஆம்ப்ளிஃபையரை அணைத்தாள். தெரு அமைதியானது.

அந்த அமைதியில்தான் அந்தச் சத்தம் கேட்டது.

தெருக்குழாயடியில் பக்கத்து வீட்டு ராஜா உட்கார்ந்திருந்தான். இரண்டாம் வகுப்புப் படிப்பவன். தண்ணீர் வரும்வரை பொழுதுபோகாமல் பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் அக்கா அபி வரிசையில் நின்றபடி ஏதோ முணுமுணுத்தாள். சுடர்விழிக்கு அது நன்றாகத் தெரிந்த பாட்டு.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடுங்க" என்றாள். "அங்க கேளுங்க."

அது பீட்டில்ஸ் இல்லை. லெட் செப்பலினும் இல்லை. கொட்டகையில் தினமும் பயிற்சியைத் தொடங்கும்போது இனியவனும் தேவதாஸும் கை பழகுவதற்காக வாசித்தும் பாடியும் பார்க்கிற, அவர்களே போட்ட மெட்டு. அதற்குப் பெயர்கூட இல்லை. அதையெல்லாம் ஒரு பாட்டு என்றே அவர்கள் நினைத்ததில்லை.

ராஜா தட்டிக்கொண்டே இருந்தான். ஓர் இடத்தில் சட்டென்று நிறுத்தி, ஆள்காட்டி விரலால் மூக்கின் மேல் ஒரு தள்ளு தள்ளிவிட்டு, மறுபடியும் தட்டத் தொடங்கினான்.

சுடர்விழி அவனிடம் போனாள். "இத எங்கடா கத்துக்கிட்ட?"

"கத்துக்கலக்கா. கை சும்மா இருந்தா தானா வருது."

"நடுவுல எதுக்கு மூக்கத் தொடுற?"

ராஜா அவளைப் பாவமாகப் பார்த்தான். இதுகூடத் தெரியாத அக்காவா என்று நினைத்திருப்பான். "அங்க தொடணும்கா. தொட்டாத்தான் அடுத்தது வரும்."

சுடர்விழி திரும்பி தேவதாஸைப் பார்த்தாள். இனியவனும் பார்த்தான். தேவதாஸின் விரல் அப்போதுதான் நழுவி இறங்கிய மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டிருந்தது.

விரல் அப்படியே நின்றுவிட்டது. "நான் அப்படியா வாசிக்கிறேன்?" என்று கேட்டான் தேவதாஸ்.

"தினமும்" என்றான் இனியவன்.

"நடுவுல தாளம் விட்டுப்போவுது. ஒரு தடவகூட நீ சொல்லலியே?"

இனியவன் கிட்டார் வாசிக்கும் விரல்களைப் பிசைந்துகொண்டான். "சொன்னா நீ நிறுத்திடுவ. எனக்கு அங்கதான்டா மூச்சு விட நேரம் கிடைக்கும். நீ கண்ணாடியத் தள்ளுவ, நான் மூச்சு இழுத்துப்பேன். வேற யாரு வாசிச்சாலும் எனக்குப் பாட வராது."

பிறகு மெதுவாக, "அன்னிக்கு அப்படிச் சொன்னது தப்புடா" என்றான்.

தேவதாஸ் படியில் நகர்ந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். மாட்டுக்கு வைத்திருந்த இடம் காணாமல் போனது.

"அப்ப எந்த பேண்டுக்கு செல்வாக்கு அதிகம்?" என்று கேட்டாள் சுடர்விழி. "நடுவர் தீர்ப்பு சொல்லணுமில்ல?"

"உலகத்துலயா, தெருவுலயா?" என்றான் இனியவன்.

"தெருவுல."

இருவரும் குழாயடியைப் பார்த்தார்கள். இப்போது அபியும் குடத்தைக் கவிழ்த்துவிட்டாள். தண்ணீர் வந்து வீணாகிக்கொண்டிருந்தது. ஆயம்மா கரண்டியைக் காட்டி அதட்டினார். அதட்டி முடித்துவிட்டு அதே மெட்டை முணுமுணுத்தபடி இட்லிக்கு மாவு ஊற்றப் போனார்.

"உலகத்துல செப்பலின்தான்" என்றான் தேவதாஸ் எழுந்தபடி.

"பீட்டில்ஸ்" என்றான் இனியவனும் எழுந்தபடி.

"காலேஜ் பசங்களுக்கு என்னண்ணா சொல்லப் போறீங்க?" என்று சுடர்விழி பயந்துகொண்டே கேட்டாள்.

"வர முடியாதுன்னு சொல்லணும். எனக்கு இங்க ஒருத்தனுக்கு மூச்சு குடுக்கிற வேலை இருக்குது" என்றான் தேவதாஸ்.

அப்பாடா என்றிருந்தது சுடர்விழிக்கு. மூவரும் கொட்டகைக்குப் போனார்கள். ராஜாவும் அபியும் ஈரக் குடங்களோடு பின்னாலேயே வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். இசைத் திருநாளில் முதல் பாட்டு அந்தப் பெயரில்லாத மெட்டுதான் என்று முடிவானது. மற்ற இரண்டும் யாருடையவை என்று அப்புறம் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

தேவதாஸ் குச்சிகளை எடுத்தான். இனியவன் கிட்டாரை மாட்டிக்கொண்டான். மெட்டு தொடங்கி, அந்த இடம் வந்தது. தேவதாஸின் கை கண்ணாடி வரைக்கும் போய், இப்போது தள்ளலாமா வேண்டாமா என்று தயங்கியது. வாசலில் நின்ற ராஜா பொறுமை இழந்து தன் மூக்கைத் தள்ளிக் காட்டினான்.

தேவதாஸ் கண்ணாடியைத் தள்ளினான். இனியவன் நன்றாக ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு பாடத் தொடங்கினான்.