பிறருக்காகப் பேசும் மேசை

"அவருக்கு அந்த அடுக்குமாடி வீடு வேண்டாங்க. வாங்கின நாள்ல இருந்தே பிடிக்கல. என் நகையை வித்து வாங்கினதால வாயைத் திறக்காம இருந்திருக்காரு."

நறுமுகை இதைச் சொல்லி முடித்ததும் மேசை நடுவில் இருந்த விளக்கு பச்சையாக எரிந்தது. எதிரே உட்கார்ந்திருந்த அவளுடைய கணவன் வெற்றிச்செல்வன் தலை குனிந்துகொண்டான். அவன்மேல் அவளுக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் அன்று காலையிலிருந்து அவள் வாய் அவனுக்காகத்தான் பேசிக்கொண்டிருந்தது.

கோயம்புத்தூரில் இப்போது மணமுறிவுக்காக யாரும் நீதிமன்றப் படி ஏறுவதில்லை. இணக்கக் கூடத்துக்கு வந்தால் போதும். இருவர் கழுத்திலும் மாற்றுணரி என்ற மெல்லிய பட்டையை மாட்டிவிடுவார்கள். ஒவ்வொரு நிபந்தனையையும் வாசிக்கும்போது கணவன் உடம்பில் எழும் பயமும் படபடப்பும் நிம்மதியும் மனைவிக்குத் தெரியும். மனைவியுடையது கணவனுக்குத் தெரியும். உணர்ந்ததை அவரவர் துணைக்காக எடுத்துச் சொல்ல வேண்டும். தனக்காக ஒரு வார்த்தை பேசக் கூடாது. பொய் சொன்னால் விளக்கு சிவக்கும். தனக்காகப் பொய் சொல்ல எவருக்கும் நாக்கு கூசாது, பிரிந்து போகிற பெண்டாட்டிக்காக எவன் மெனக்கெட்டுப் பொய் சொல்லப் போகிறான் என்பது சட்டம் எழுதியவர்களின் கணக்கு. கணக்கு பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது. வருஷக்கணக்கில் இழுத்த வழக்குகள் எல்லாம் ஒரே நாளில் முடிந்தன.

இணக்குநர் உமையாள் அடுத்ததை வாசித்தார். சொத்தைப் பிரிப்பதும் இருவருக்கும் இனிவரும் காலத்துக்கு நிதித் திட்டம் போட்டுக் கொடுப்பதும் அவர் வேலை. கணவரின் ஓய்வூதியம் என்று அவர் ஆரம்பித்ததுமே வெற்றிச்செல்வன் தொண்டையைச் செருமினான்.

"அதுல பாதி அவளுக்குப் போடுங்க. வயசான காலத்துல தம்பி வீட்டு வாசல்ல போய் நிக்கோணுமேன்னு பயப்படறா."

பச்சை. நறுமுகைக்கு அழுகை முட்டியது. இந்தப் பயத்தை அவள் பெற்ற தாயிடம்கூடச் சொன்னதில்லை. பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தபோது தெரியாதது, பிரியும் நாளில் ஒரு பட்டையைக் கழுத்தில் மாட்டியதும் தெரிந்துவிட்டதே என்று அவளுக்கு ஆத்திரமாகவும் இருந்தது.

கடைசியாக மகள் இதழினி. ஒன்பது வயது, ஒரே பிள்ளை. அவள் தன்னிடம்தான் வளர வேண்டும் என்று இருவருமே எழுதிக் கொடுத்திருந்தார்கள். இந்த ஒரு விஷயத்துக்காக இரண்டு குடும்பத்தாரும் கல்யாண மண்டபம் ஒன்றில் சட்டையைப் பிடித்துக்கொண்டதும் உண்டு.

"குழந்தை அம்மாகூட இருக்கும்," என்று வாசித்தார் உமையாள்.

தலையில் இருந்த மூட்டையை யாரோ இறக்கிவைத்தது போல் இருந்தது நறுமுகைக்கு. அது அவளுடைய நிம்மதி அல்ல. அவனுடையது.

"குழந்தை அப்பாகூட இருக்கும்."

இப்போது வெற்றிச்செல்வன் சட்டென்று நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவன் எதை உணர்ந்தான் என்று அவளுக்குப் புரிந்தது. அவள் தன்னிடமே ஒப்புக்கொள்ளாத ஒன்றை அவன் கண்டுபிடித்துவிட்டான்.

"சொல்லுங்கம்மா," என்றார் உமையாள்.

"அவருக்கு... பாப்பா கூட இல்லாம இருந்தா நிம்மதியா இருக்குங்க."

பச்சை.

"இவளுக்கும் அப்படித்தாங்க," என்றான் அவன்.

அதற்கும் பச்சை.

அவர்களுக்குப் பிள்ளைமேல் பாசமில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஆளுக்கொரு வேலை, பள்ளி, பாட்டு வகுப்பு, காய்ச்சல், இதற்கு நடுவே வருஷக்கணக்கான சண்டை. இருவரும் களைத்துப் போயிருந்தார்கள். உடம்பு கேட்பதை அந்த மாற்றுணரிப் பொறி கடத்தும். உடம்பு கெஞ்சியும் விடியுமுன் எழுந்து பிள்ளைக்கு இட்லி ஊற்றுகிற மனசைக் கடத்த அதற்குத் தெரியாது. இதைச் சொல்லிவிட இருவருக்கும் வாய் துடித்தது. ஆனால் தன்னைப் பற்றிப் பேச விதியில் இடமில்லை.

"அப்ப விடுதிப் பள்ளிதாங்க. ஊட்டியில நல்ல இடம் இருக்கு, உங்க திட்டத்துக்குள்ளயே அடங்கும்," என்றார் உமையாள். குரலில் கொடுமை எதுவும் இல்லை. "பாப்பா சம்மதம் மட்டும் வேணும்."

உனக்கு அம்மா வேண்டுமா, அப்பா வேண்டுமா என்று பிள்ளையைக் கேட்பது பாவம் என்று சட்டம் கருதியது. அதனால் பிள்ளையிடம் அதன் விருப்பத்தைக் கேட்பதில்லை. பெற்றோர் இருவரையும் உணரும் சின்னப் பட்டை ஒன்றை மாட்டி, அவர்களுக்காகப் பேசச் சொல்வார்கள்.

வெளியே உட்கார்ந்திருந்த இதழினி அழைத்துவரப்பட்டாள். பட்டை மாட்டியதும் கூச்சத்தில் கழுத்தைச் சுருக்கினாள். உமையாள் இரண்டு நிபந்தனைகளையும் மறுபடி வாசித்தார். சிறுமி அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு நான் வேணும்."

விளக்கு சிவந்தது.

"அப்பாவுக்கும் நான் வேணும்."

மறுபடி சிவப்பு.

"கண்ணு, நீயா நினைக்கறதச் சொல்லக் கூடாது," என்றார் உமையாள் மெதுவாக. "அவங்களுக்கு எப்படி இருக்குன்னு சொல்லோணும்."

இதழினி விளக்கையே பார்த்தாள். பள்ளியில் தப்பாக எழுதிய விடையை அழித்துவிட்டு எழுதும் பிள்ளையின் முகம்.

"அப்ப விடுதியே போட்டுக்குங்க. ரெண்டு பேருக்கும் அதுதான் நல்லாருக்கும்."

பச்சை. மூவருக்கும் உடன்பாடு என்று பொறி அறிவித்தது.

வெற்றிச்செல்வன் எழுந்துவிட்டான். "ஏனுங்க, பாப்பாவுக்கு எப்படி இருக்குன்னு யாருங்க சொல்றது?"

உமையாள் சிறுமியின் பட்டையைச் சுட்டிக் காட்டினார். "சின்னப் பட்டை பெத்தவங்க உணர்வை வாங்க மட்டுந்தாங்க செய்யும். குழந்தைங்ககிட்ட இருந்து எதையும் எடுக்காது. அவங்களுக்காகப் பேச ஆள் வைக்கலீங்க."

நறுமுகை நாற்காலியைத் தள்ளிவிட்டு மகள் முன்னால் மண்டியிட்டாள். அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு எப்படி இருக்கு சாமி? அம்மாகிட்டச் சொல்லு."

"எனக்கு ஒண்ணுமில்லம்மா," என்றாள் இதழினி. "நான் நல்லாத்தான் இருக்கேன்."

இருவரும் ஒரே நேரத்தில் விளக்கைத் திரும்பிப் பார்த்தார்கள். அது பச்சையாகவும் எரியவில்லை, சிவப்பாகவும் எரியவில்லை. தன்னைப் பற்றித் தானே சொல்லும் சொல் மெய்யா பொய்யா என்று பார்ப்பது அந்தப் பொறியின் வேலை அல்ல.